நீலம் அறுபது, வெள்ளை இருபது

கப்பலில் இருந்து
10 ஜனவரி 2025

அன்புள்ள எல்சிக்கு,

வால்டர் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்குக் காய்ச்சல், தலைவலி ஒன்றுமில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஜானட் காலேஜ் விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கப்பல் ஓனர் மேல் இங்கே கேஸ் போட்டிருக்கிறார்கள். அது முடியும்வரை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். கரை தூரம், போனுக்கு சிக்னல் எட்டவில்லை. கப்பல்காரர்களைப் பார்க்க ஒரு ஃபாதர் படகில் வருகிறார். அவர் தபாலில் போடுவார். பதிலையும் அவர் விலாசத்துக்கே அனுப்பு.

சொல்ல வந்தது நம் ஹாலில் இருக்கும் பவளத் தொட்டி விஷயம். லைட்டில் மூன்று திருகு இருக்கிறதல்லவா, நீலத்தை அறுபதிலும் வெள்ளையை இருபதிலும் வை. சிவப்பைத் தொடவே தொடாதே. அதைக் கூட்டினால் கண்ணாடியெல்லாம் பாசி ஏறிவிடும். கடலில் ஆழம் போகப் போக சிவப்புதான் முதலில் காணாமல் போகும், நீலம்தான் கீழேவரை இறங்கும். நம் பவளங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம் அந்த நீலம்தான். காலை பத்து மணிக்கு எரிய ஆரம்பித்து சாயங்காலம் ஆறு மணிக்கு அணைய வேண்டும். கரண்டு போய் வந்தால் டைமர் பின்தங்கும், பார்த்து முன்னே தள்ளி வை. தோல் பவளம் மேல் கல்லில் இருக்கட்டும். பட்டன் பவளம் நடுவில். காளான் பவளத்துக்கு வெளிச்சம் அதிகம் ஆகாது, அது கீழேயே கிடக்கட்டும்.

இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் வெளிச்சம் போகிறது. ராமதாஸ் நலம் என்று மங்கம்மாவிடம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

வால்டர்

*

இராயபுரம்
3 பிப்ரவரி 2025

என் அன்புக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரியவருக்கு,

எல்சி எழுதுகிறேன். முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். ஜானட் நன்றாகச் சாப்பிடுகிறாள், மெஸ்ஸைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இந்தக் காலத்துல கையால எழுதுற ஆளு கூட கீறாரா?" என்று கேட்டார். எங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியன் கப்பல் கப்பலாக லைட்டு போடுகிறவர், அவருக்கு நேரமே கிடைக்காது, இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அப்புறம் உள்ளே வந்து படித்தால் தொட்டிக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு வரி. அதுவும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று கடைசியில்.

நீங்கள் சொன்னபடியே திருகுகளை வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் நீலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்ணாரப்பேட்டையில் எங்கள் கடைக்கு வரும் பெண்கள் கடை லைட்டை நம்பமாட்டார்கள். புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். உங்கள் பவளத்தையும் ஒருநாள் வாசலுக்குத் தூக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நீலத்தில் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னுகிறது, லைட்டு அணைந்தால் அழுக்குத் துணி நிறத்தில் இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுகள் சரியாக இல்லை. பட்டன்கள் பாதிதான் விரிகின்றன. தோல் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓரமெல்லாம் வெளுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மங்கம்மா கொருக்குப்பேட்டையிலிருந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் எழுதுகிற ஜாதியே இல்லையே. "ராமதாஸ் நலம்" என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். "அத்த இன்னொரு தபா படிக்கா" என்றாள். படித்தேன். ஒரே கப்பலில் இரண்டு பேர் புருஷனையும் வைத்துக்கொண்டு ஒரு வரியைப் பங்கு போடுகிறோம்.

எப்போது வருகிறீர்கள்? இந்த ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள், போதும்.

எல்சி

*

கப்பலில் இருந்து
24 பிப்ரவரி 2025

அன்புள்ள எல்சிக்கு,

சுகம். உன் சுகத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். முட்டிக்கு அந்தப் பச்சை டப்பா தைலத்தைத் தேய்.

வெளுக்கிறது என்றால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் பவளத்துக்குச் சோறு போடும். வெளிச்சம் போதாவிட்டால் பாசி கூடி, பவளம் பழுப்பாகும், கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். தாங்க முடியாத வெளிச்சம் என்றால் அந்தப் பாசியையே பவளம் வெளியே துரத்திவிட்டு வெள்ளையாக நிற்கும். அப்படியே விட்டால் பட்டினியில் செத்துப்போகும்.

லைட்டுக் கண்ணாடியை நீ துடைத்தாயா? நம் வீட்டில் எண்ணூர்க் கரித்தூளும் தொட்டி உப்பும் சேர்ந்து அதன் மேல் படிந்திருக்கும். ஒரே நாளில் பளிச்சென்று துடைத்தால் பவளத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. துடைத்திருந்தால் நீலத்தை நாற்பதுக்கும் வெள்ளையைப் பத்துக்கும் இறக்கு. லைட்டை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டு. வாரத்துக்கு ஐந்து ஐந்தாக மறுபடி ஏற்றலாம், அவசரப்படாதே.

ராமதாஸ் நலம். மீன் பிடிக்கிறான், நன்றாகவே பிடிக்கிறான். வெளிச்சம் போகிறது, நிறுத்துகிறேன்.

வால்டர்

*

இராயபுரம்
16 மார்ச் 2025

அன்புள்ளவருக்கு,

நாங்கள் நலம். தைலம் தேய்த்தேன். நீங்கள் இளைத்திருக்கிறீர்களா, கறுத்திருக்கிறீர்களா, ஒன்றும் தெரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்தது உண்மை. பொங்கலுக்குத் தெருவே துடைக்கிறதே என்று நானும் வீட்டைத் துடைத்தபோது அதையும் துடைத்தேன். நீங்கள் சொன்னபடி இறக்கிவிட்டேன், லைட்டைத் தூக்கிக் கட்டினேன். இருந்தும் பட்டன்கள் ஒவ்வொன்றாகச் சுருங்குகின்றன. பகலில் விரிய வேண்டியவை தூங்கி வழிகின்றன. மணல் மேல் பச்சையாகப் படலம் வருகிறது. உங்கள் பிள்ளைகளைச் சரியாக வளர்க்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் கேள்விக்குப் பதில் எங்கே? ராமதாஸ் மீன் பிடிப்பதுகூட எழுதியிருக்கிறீர்கள். போன தடவையும் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே அடுத்த கப்பலுக்குப் பேச ஆரம்பித்தீர்கள். கப்பல் நிற்கிறதால் வரமுடியவில்லையா, வர மனசில்லையா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது. எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

எல்சி

*

கப்பலில் இருந்து
7 ஏப்ரல் 2025

அன்புள்ள எல்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். இளைக்கவில்லை.

நீ சொன்ன அறிகுறிகளையெல்லாம் நாள் முழுக்க யோசித்தேன். பகல் வெளிச்சம் சரிதான். திருகு சரி, உயரம் சரி, டைமர் சரி. அப்படியென்றால் ராத்திரியில்தான் ஏதோ கோளாறு. ஆறு மணிக்கு மேல் தொட்டியின் மேல் வேறு ஏதாவது வெளிச்சம் விழுகிறதா? தெருவிளக்கு மாற்றினார்களா? பவளத்துக்கும் ராத்திரி வேண்டும் எல்சி. இருட்டில்தான் அது வாயைத் திறந்து இரை பிடிக்கும், பகலில் பட்ட சூட்டை ஆற்றிக்கொள்ளும். விடிய விடிய வெளிச்சம் விழுந்தால் எவ்வளவு நல்ல லைட்டாக இருந்தாலும் அதைக் கொன்றுவிடும். மணலில் பச்சைப் படலமும் அதனால்தான் வருகிறது. பார்த்து உடனே எழுது.

ராமதாஸ் நலம். மற்றது அடுத்த கடிதத்தில். வெளிச்சம் போகிறது.

வால்டர்

*

இராயபுரம்
22 மே 2025

அன்புள்ளவருக்கு,

உடனே எழுதச் சொன்னீர்கள், ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

தொட்டி மேல் விழுகிற வெளிச்சம் ஸ்டார்.

கிறிஸ்துமஸ் ஸ்டார்தான். டிசம்பரில் கடைசியாகப் போனில் பேசியபோது, "நீ ஸ்டூல்மேல ஏறாதே, ஸ்டாரை நான் வந்து கழட்டிக்கிறேன்" என்றீர்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது, எல்லார் வீட்டிலும் இறக்கினார்கள். நான் இறக்கவில்லை. கடல்காற்றில் காகிதம் கிழிகிறது என்று ஹாலுக்குள் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினேன், தொட்டிக்கு நேர் மேலே. தெருமுனையில் நின்றாலும் தெரியட்டும் என்று பெரிய வெள்ளை பல்பாக வாங்கிப் போட்டேன். ஸ்டூல் மேல் ஏறித்தான் கட்டினேன், திட்டாதீர்கள். நீங்கள் கழற்றுகிறேன் என்ற பொருளை நான் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் நீங்கள் வருவதற்கு ஒரு வேலை குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். விடிய விடிய எரிந்தது.

ஈஸ்டர் அன்றைக்கு எதிர்வீட்டு ஞானபாக்கியம், "இன்னா எல்சி, ஆண்டவரு உயித்தெழுந்துட்டாரு, உன் வூட்ல இன்னும் பொறக்கவே இல்லியா?" என்றாள். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன். உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. பவளத்தைக் கொல்வது நான்தான் என்று தெரிந்தும் இன்றுவரை ஸ்விட்சில் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, வேறொன்றுமில்லை.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் கடைசியில் ஒரே மாதிரி, வெளிச்சம் போகிறது, நிறுத்துகிறேன். ஒரு கப்பல் முழுக்க லைட்டு போடுகிற ஆளுக்குக் கடிதம் எழுதி முடிக்க ஒரு பல்பு கிடையாதா? என்னிடம் என்ன மறைக்கிறீர்கள்?

எல்சி

*

கப்பலில் இருந்து
11 ஜூன் 2025

எல்சி,

உன் கடிதத்தை ஃபாதர் கையில் கொடுத்ததும் படகு போகும்வரைகூடக் காத்திருக்காமல் படித்தேன்.

கப்பலில் கரண்டு இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. ஓனர் எங்களைக் கைவிட்டுவிட்டார், கூப்பிட்டால் எடுப்பதில்லை. அன்றையிலிருந்து இந்தக் கப்பலில் ஒரு பல்புகூட எரியவில்லை. நான் எலெக்ட்ரீஷியன், பழுது என்றால் சரி செய்வேன். கம்பிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, உள்ளே ஓடுவதற்குத்தான் ஒன்றுமில்லை. கேபினில் புழுக்கம், மேல் தளத்தில் படுக்கிறோம். பழைய பலகையைப் பிளந்து அடுப்பு மூட்டுகிறோம். அரிசியும் தண்ணீரும் ஃபாதர் படகில் வருகிறது. ராமதாஸ் மீன் பிடிப்பது பொழுதுபோக்குக்கு இல்லை.

சிக்னல் இல்லை என்று எழுதியது பொய். சார்ஜ் இல்லை. ஃபாதர் பல தடவை தன் போனை நீட்டினார். உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பயந்து வேண்டாம் என்றேன். எழுதினால் மறைக்கலாம். ஆறு மணிக்குச் சூரியன் இறங்கும்போது, இந்நேரம் நம் ஹாலில் டைமர் தட்டி நீலம் அணையும் என்று நினைப்பேன். அந்த ஒரு லைட்டைத்தான் என்னால் இன்னும் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அதனால்தான் பக்கம் பக்கமாக அதையே எழுதினேன். வர மனசில்லையா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை மடித்து வைத்திருக்கிறேன், மறுபடி படிக்கத் தைரியமில்லை.

ஸ்டாரை அணைத்துவிடு. கழற்ற வேண்டாம், அணைத்தால் போதும்.

வால்டர்

*

இராயபுரம்
1 ஜூலை 2025

என் வால்டருக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஸ்டாரை அணைத்தேன். ஹாலில் ஃபேனும் போடாமல் இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் முடியவில்லை, எழுந்து சமையலறை லைட்டைப் போட்டுவிட்டேன். நீங்கள் ஆறு மாதம் இருந்திருக்கிறீர்கள்.

மங்கம்மாவிடம் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள், "நல்லா கீறார்" என்றே சொல்லி அனுப்பினேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேன். செய்யும்போதுதான் அது எவ்வளவு சுலபம் என்று தெரிகிறது.

இரண்டு பட்டன்கள் காலையில் முழுதாக விரிந்திருந்தன. தோல் பவளம் அப்படியேதான் இருக்கிறது.

எல்சி

*

கப்பலில் இருந்து
20 ஜூலை 2025

அன்புள்ள எல்சிக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம், மறைக்கவில்லை. பட்டன்கள் விரிந்ததே போதும், தோல் பவளம் மெதுவாகத் தேறட்டும்.

கோர்ட்டில் உத்தரவு ஆகிவிட்டது. கப்பலை ஏலம் விடுகிறார்கள். ஆட்களை ஊருக்கு அனுப்புகிறார்கள், அடுத்த மாதக் கடைசியில் கரையில் இறக்கி டிக்கெட் போடுவார்கள். சந்தோஷப்படாதே, முழுவதும் படி. ஏலம் முடிந்து புது ஓனர் வரும்வரை கப்பலில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டுமாம். ஒரு வருஷம்கூட ஆகலாம். என்ஜின் ரூம் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி இருப்பது இரண்டு பேர், நானும் ராமதாஸும். கேப்டன் முதலில் என்னைத்தான் கேட்டார். நான் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அது அவருக்குத் தெரியும்.

ராமதாஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறான்.

நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

வால்டர்

*

இராயபுரம்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ளவருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

வாங்க என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் எல்சி சொன்னாள், வந்தேன் என்று இருந்துவிடுவீர்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் அதை என் தலையில் இறக்கிவைப்பீர்கள். இருங்க என்றும் எழுதமாட்டேன், அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

நீங்கள் மாட்டேன் என்றால் மங்கம்மா இன்னொரு வருஷம் படிக்கட்டில் வந்து உட்காருவாள். சரி என்றால் நான் உட்காருவேன். இதில் நியாயம் எதுவென்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. கம்பெனி கூப்பிட்டது, போனீர்கள். கேப்டன் கேட்டார், சரி என்றீர்கள். இப்போது என்னைக் கேட்கிறீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்பது ஜன்னலில் அத்தனை மாதம் எரிந்தது, தெருவே பார்த்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்கிறேன்.

எல்சி

*

கப்பலில் இருந்து
25 ஆகஸ்ட் 2025

எல்சி,

எனக்கு வீட்டுக்கு வரவேண்டும்.

கேப்டனிடம் இதைத்தான் சொன்னேன். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை, மனைவிக்கு முட்டிவலி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. எனக்கு என் மனைவியோடு இருக்கவேண்டும், வருகிற வருஷங்களிலாவது. கடலுக்கு இனி வரமாட்டேன்.

ராமதாஸ்தான் கப்பலில் இருக்கப்போகிறான். "சரி மாமு, நீ போ" என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ராத்திரி பக்கத்தில்தான் படுக்கிறோம். அவன் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மங்கம்மாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மற்றவர்களும் நானும் கரைக்கு வந்து ஃபாதர் விடுதியில் டிக்கெட்டுக்குக் காத்திருப்போம். அங்கேயே எழுது.

உன் வால்டர்

*

இராயபுரம்
23 செப்டம்பர் 2025

என் வால்டருக்கு,

இது உங்கள் கைக்கு வருமோ, அதற்குள் நீங்களே வந்துவிடுவீர்களோ தெரியாது. கைக்கு வந்தால் இதில் சொன்னபடி செய்யுங்கள்.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இப்போது வந்ததுதான். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து முதல் வரியைப் படித்தேன், அதற்கு மேல் படிக்கக் கண் தெரியவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தோல் பவளம் போய்விட்டது. பட்டன்களும் காளானும் பிழைத்துவிட்டன. நிறம் இன்னும் திரும்பவில்லை.

மங்கம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். தண்டவாளம் தாண்டி அவள் வீட்டுக்கு இப்போதுதான் முதல் தடவை போகிறேன், இத்தனை நாளும் அவள்தான் வந்தாள். கப்பலில் கரண்டு இல்லாததையும், அது தெரிந்தும் நான் மறைத்ததையும், நீங்கள் மாட்டேன் என்றதையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலை வைத்துவிட்டு, "நீ போக்கா" என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. என்னோடு பேசவே மாட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினாள். "உன் வூட்டுக்காரரு வரட்டும்க்கா, நான் சண்டைக்கு வர்ல. ஆனா எங்காளு எப்டி கீறாருன்னு கண்ணால பாத்துட்டு வர்றவரு அவரு ஒருத்தருதான். இளச்சிட்டாரா, இருமுறாரா, என்னிய பத்தி எதுனா சொன்னாரா, எனக்குத் தெரியணும். நலம்னு ஒத்த வார்த்தையில முடிக்க வேணாம்னு அவராண்ட சொல்லு" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால் நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். வந்தால் உங்கள் கையை விடமாட்டேன், எனக்கே தெரியும். பெட்டியோடு நேராகக் கொருக்குப்பேட்டைக்குப் போங்கள். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். போதும் என்று அவள் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அப்புறம் வீட்டுக்கு வாங்க. எவ்வளவு நேரமானாலும் நான் சாப்பிடாமல் இருக்கிறேன்.

எல்சி